சீனியில்லாத வட்டிலப்பம்

நாட்பட்ட நோய்களுக்கான கரையோர மூலிகை ஆய்வுப் பிரிவு என்று ஓர் அலுவலகம் கல்முனையில் இருந்தது. சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, இலைகளில் மருந்து காண்பது அதன் பணி. இதுவரை காணப்பட்டவை ஒரு வாகனமும், இரண்டு குளிரூட்டியும், ஒரு பெயர்ப்பலகையும். மருந்தும் விரைவில் காணப்படும் என்று ஆண்டறிக்கைகள் வருடம் தவறாமல் ஒரே வசனத்தில் உறுதியளித்து வந்தன.

அங்கே ஆராய்ச்சி உத்தியோகத்தராக இருந்தவர் ஜனாப் றுமைஸ். ஊருக்கெல்லாம் சீனியைப் பற்றிப் புத்தி சொல்லும் அவருக்கும் சீனி. இது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி டொக்டர் ஜவுபர் போன முறை கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"மூணு மாசம் தாறன் றுமைஸ். இனிப்ப உடுங்க. அடுத்த முற கூடியிருந்தா ஊசிதான், ஒவ்வொரு நாளும்."

ஊசி என்றாலே றுமைஸுக்குப் பயம். ஆய்வுக்காக மற்றவர்களிடம் இரத்தம் எடுக்கும்போதுகூட அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டுதான் நிற்பார். ஆகவே இனிப்பை விட்டார். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவிக்கும், உயிருக்கு உயிரான வட்டிலப்பத்தையும் விட்டார். பாவம் மனிதர், விட்ட நாளிலிருந்து கனவிலும் வட்டிலப்பம்தான் வந்தது.

இந்த நிலையில்தான் பணிப்பாளர் கதிர்காமத்தம்பி சிறுகுறிஞ்சா இலை ஆய்வின் ஆரம்ப வைபவத்துக்கு நாள் குறித்தார். ஆலையடிவேம்பிலிருந்து தினமும் வந்துபோகும் அவர் புதுமைப் பிரியர். நாடா வெட்டுவது பழசு, அதிதிகள் ஆளுக்கோர் இலையை ஒரே நேரத்தில் மென்று ஆரம்பித்து வைக்கட்டும் என்றார். அதில் யாருக்கும் மறுப்பில்லை. சிற்றுண்டியில்தான் வாதம் வந்தது.

"சீனி வருத்தக் கூட்டத்தில வட்டிலப்பம் குடுக்கிறதா சேர்?" என்று றுமைஸ் எச்சிலை விழுங்கிக்கொண்டு கேட்டார்.

"கல்முனையில வட்டிலப்பம் இல்லாமக் கூட்டம் வச்சா ஆர் வருவாங்க? குடுப்பம். சாப்பிடுறது அவரவர் சொந்தப் பொறுப்பு எண்டு தீர்மானத்தில எழுதுங்க."

எழுதினார்கள். சாய்ந்தமருதில் கலியாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் பரீனாவிடம் வட்டிலப்பத்துக்குச் சொல்லியாயிற்று.

வைபவத்தில் பிரதம அதிதியான செயலாளர் தொடக்கம் சாரதி வரைக்கும் எல்லாரும் மென்றார்கள். படத்தில் பெண்கள் குறைவு என்று பரீனாவையும் இழுத்து வந்து மெல்ல வைத்தார்கள். கசப்பில் எல்லா முகமும் கோணிப்போன அந்தப் படம் 'ஆரோக்கியத்தின் புன்னகை' என்ற தலைப்பில் முகநூலில் வெளியானது.

பிறகு வட்டிலப்பம் வந்தது. செயலாளர் ஒரு கரண்டி வாயில் வைத்து நெற்றியைச் சுருக்கினார்.

"இதில இனிப்பே இல்லியே!"

மற்றவர்களும் சாப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்கும் இனிக்கவில்லை. பரீனா பதறிப்போய் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தார். அவருக்கும் இனிக்கவில்லை. கித்துள் கருப்பட்டியைத் தன் கையாலேயே சீவிப் போட்டதைச் சொல்ல வாயைத் திறந்தார். செயலாளர் முந்திக்கொண்டார்.

"சீனியில்லாமலே இவ்வளவு பதமாச் செய்தீங்களா? அபாரம்!"

பரீனா வாயை மூடி, யோசித்து, மறுபடி திறந்தார்.

"ஓம் சேர். அது எங்கட ஊட்டு ரகசியம்."

சிறுகுறிஞ்சாவை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பு விளங்காது. இது ஒன்றும் புதிய செய்தியல்ல. போன வருடம் கொழும்புக் கருத்தரங்கில் இதைப் பற்றியே ஒரு முழு உரை நிகழ்த்தியவர் சாட்சாத் நம்முடைய றுமைஸ்தான். ஆனால் கையில் வட்டிலப்பம் இருக்கும்போது கொழும்பு மிகத் தூரம். சீனியில்லை என்று செயலாளரே சொன்ன பிறகு ஓர் உத்தியோகத்தர் சந்தேகப்படுவது அரச தாபன விதிக்கோவைக்கு அழகுமல்ல. வயிறு முட்டச் சாப்பிட்டார். மிச்சத்தைப் பெட்டியில் போட்டு வீட்டுக்கும் கொண்டுபோனார்.

வீட்டில் மனைவி ஸப்னா ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதயா சீனியில்லாதது எண்டு செல்றீங்க? தொண்டையெல்லாம் கரிக்கிது, அவ்வளவு இனிப்பு!"

றுமைஸும் சாப்பிட்டுப் பார்த்தார். நாக்கு திரும்பி வந்திருந்தது. கூடவே கொழும்பு உரையும் திரும்பி வந்தது. வயிற்றுக்குள் போனதை நினைத்தபோது டொக்டரின் ஊசி கண்முன் நின்றது. உண்மையில் பயந்துதான் போனார். உடனே பணிப்பாளருக்குப் போன் போட்டார்.

"சேர், வட்டிலப்பத்தில சீனி இரிக்கி. இலை திண்டதாலதான் நமக்கு விளங்கல்ல."

"வைபவத்தில எத்தின பேர் சாப்பிட்டவங்க?"

"மண்டபம் நிறைய சேர்."

"உங்கட வீட்டில?"

"நானும் ஸப்னாவும்."

"நீங்க ஆராய்ச்சிக்காரன். ரெண்டு பேர்ட முடிவ எடுக்கிறதா, மண்டபத்தின்ட முடிவ எடுக்கிறதா?"

விஞ்ஞானம் அவரை மடக்கிவிட்டது. அடுத்த வாரம் சுற்றறிக்கை வெளியானது: 'சீனியற்ற வட்டிலப்பத்தின் சீனியின்மையானது சிறுகுறிஞ்சா இலையை மென்ற பின்னரே நடைமுறைக்கு வரும் என்பதைச் சகலரும் கவனத்திற் கொள்க.'

வரைந்தவர் றுமைஸ். உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் இல்லாமலில்லை. சொன்னால் வட்டிலப்பம் போய்விடும், அதுதான் சங்கடம். நாக்குக்குத் தெரியாதது இரத்தத்துக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். இனிக்காததை என்னத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று ஸப்னா கேட்டபோது, ஏலமும் தேங்காய்ப்பாலும் மணக்குதே, இது ஆராய்ச்சி என்றார்.

ஊர் பிடித்துக்கொண்டது. கலியாண வீடுகளில் முதலில் இலைத் தட்டு, பிறகு வட்டிலப்பம். சுகம் கேட்பதற்குப் பதிலாக "இல போட்டயா மச்சான்?" என்று கேட்டார்கள். நற்பிட்டிமுனை வேலிகளில் சிறுகுறிஞ்சாக் கொடியென்று ஒன்று மிச்சமில்லை. ஒரு கோப்பை சாப்பிட்டவர்கள், சீனியில்லைதானே என்று இன்னொரு கோப்பை கேட்டார்கள். ருசி போதாது என்று வாடிக்கையாளர்கள் முறைப்பட்டதால், பரீனா சீனியில்லாத வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டியை இரட்டிப்பாக்கினார்.

தவணை முடிந்து றுமைஸ் கிளினிக்குக்குப் போனபோது வரிசை வெளிக் கேற்று வாசல் வரைக்கும் நின்றது. அதில் பணிப்பாளரும் நின்றார். இவ்வளவு நோயாளிகள் இருப்பதால் ஆய்வுக்கு மேலும் இரண்டு வருடம் நீடிப்புக் கிடைத்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். நோயாளிகளைப் பார்வையிடத்தான் வந்தாராம். கையில் கிளினிக் கொப்பி இருந்தது.

டொக்டர் ஜவுபர் றுமைஸின் இரத்த அறிக்கையைப் பார்த்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன இது றுமைஸ்? இனிப்புத் திண்டீங்களா?"

"வல்லாஹி டொக்டர், மூணு மாசமா இந்த நாக்கு இனிப்பக் கண்டதே இல்ல."

"வெளிய நிக்கிற எல்லாரும் இதத்தான் செல்றாங்க. சரி, இண்டைக்கே ஊசியத் தொடங்குவம்."

றுமைஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊசி இறங்கியபோது சின்னப்பிள்ளை போல அழுதே விட்டார். பொய் சொல்லவுமில்லை, தப்பவுமில்லை என்று நினைக்க இன்னும் அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தாதி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சுகமாகிப் போன ஒரு நோயாளி வீட்டிலிருந்து டொக்டருக்கு அனுப்பிய வட்டிலப்பம். டொக்டர் கதவைச் சாத்திவிட்டு மேசை லாச்சியைத் திறந்தார். உள்ளேயிருந்து ஓர் இலையை எடுத்து, சரிபாதியாகக் கிழித்து, ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மறுபாதியை நீட்டினார்.

"அழாதீங்க, புடிங்க. இது சீனியில்லாதது. ஒங்கட ஒபீஸ்தானே அத்தாட்சி தந்திரிக்கி?"

றுமைஸ் ஊசி போட்ட இடத்தை ஒரு கையால் தடவிக்கொண்டே மற்றக் கையை நீட்டினார்.