எத்தனை அடி கயிறு நடுநிலை?

அன்புள்ள சித்தப்பாவுக்கு உங்கள் அண்ணன் மகள் எழுதுவது.

நீங்களும் சித்தியும் சுகம்தானே. என் சுகத்துக்குக் குறைவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் டீ தருகிறார்கள்.

இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்தவர் நீங்கள். "உங்க நிவாரண ஆபீசும் ராணுவமும் ஒத்துப்போறீங்களா?" என்று போனில் கேட்டீர்கள். பிரமாதமாக ஒத்துப்போகிறோம். வெள்ளத்துக்கு நடுவில் ஒரு பள்ளிக்கூட மாடி, அதில் முந்நூறு பேர், நான்கு நாளாக நல்ல தண்ணீர் இல்லை, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் எங்களிடம். படகு ராணுவத்திடம். ஆயுதம் இருக்கும் படகில் நிவாரணப் பொருள் ஏறக்கூடாது, ஏறினால் நாங்கள் யார் பக்கம் என்று ஜனங்களுக்குச் சந்தேகம் வரும் என்பது எங்கள் விதி. ஆயுதம் இல்லாமல் படகு கரையை விட்டு நகரக்கூடாது என்பது அவர்கள் விதி. இரண்டையும் எழுதியவர்கள் மேட்டில் குடியிருப்பவர்கள்.

மூன்று நாள் பேசினோம். துப்பாக்கி முன் படகில், இயந்திரம் பின் படகில், நடுவில் கயிறு என்று கேப்டன் ஒரு வழி சொன்னார்.

"கயிறு எவ்வளவு நீளம்?" என்றார் எங்கள் மேலாளர் அம்மா.

"பத்தடி."

"பத்தடியில நடுநிலைன்னு சொல்ல முடியுமா சார்?"

"எத்தனை அடின்னா நடுநிலை மேடம்?"

தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம். அதற்குள் மாடியிலிருந்து ஒரு அக்கா போன் செய்து, "தண்ணி வருதாம்மா, இல்ல இன்னும் அளந்துக்கிட்டேதான் இருக்கீங்களா?" என்றாள். "எழுதிக் கேட்டிருக்கோம்க்கா"ன்னேன் சித்தப்பா. கையில டீ ஆறிப்போச்சு.

இன்று காலை அந்த அக்காவே வந்துவிட்டாள். வகுப்பறைக் கதவுகளைக் காலி டிரம்களோடு கட்டி மிதவையாக்கி, இன்னும் மூன்று பெண்களோடு. "எங்க அது?" என்றாள். இயந்திரத்தைக் காட்டினேன். தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கேப்டனும் மேலாளரும் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே நின்னாங்க. கதவுல போறதப் பத்தி ரெண்டு பேர் விதியிலயும் ஒண்ணும் இல்ல. கதவு கண்ணுக்கு மறைந்ததும் 'ஒருங்கிணைப்பு வெற்றி' என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள்.

வெறுத்துப்போச்சு. ராஜினாமா கொடுத்துவிட்டேன். இனி ஒரு படிவத்தையும் தொடமாட்டேன். சித்தியின் கால்வலிக்கு என் அன்பு, உங்கள் பதக்கங்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மகள்

பி.கு.: இயந்திரத்தின் குழாய் இங்கேயே தங்கிவிட்டது. அதை வாங்க அக்கா மறுபடியும் கதவிலேயே வந்து ஈரக்கையை நீட்டினாள். நான் மேசையிலிருந்து ஒரு படிவத்தை உருவி, "இதுல ஒரு கையெழுத்து போடுங்கக்கா" என்றேன்.