மஞ்சள் ஹெல்மெட்டில் ஓர் அரைமணி நேர ஆட்சி

மில்லர்புரம், தூத்துக்குடி.
கார்த்திகை மாதம், மழை விட்ட மறுநாள்.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த செந்தூர்வேல் மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை இசக்கிசெல்வியின் கணவனும், சமீப காலம் வரை பஹ்ரைனில் தங்கள் மேல்கட்டிலில் படுத்து அரசியல் பேசியவனுமாகிய பாண்டித்துரை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீடும் சுகம். வீட்டுக்குள் வந்த தண்ணீரும் சுகமாக வடிந்து போய்விட்டது. தாங்களும் ரூமில் உள்ள அனைவரும், அந்த ஓட்டை ஏசியும் சுகமாயிருக்கச் செந்திலாண்டவனை வேண்டுகிறேன்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும். வாட்ஸப்பில் எழுதலாமென்றால் என் போனைச் சார்ஜில் போடுவதே அவள்தான். ஆகையால் பஹ்ரைனுக்குப் புறப்படும் காயல்பட்டணத்து ஸைத்திடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கருவாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் இருக்கும். காகிதத்தில் வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். நீங்கள் உங்கள் தங்கையைப் போனில் கூப்பிட்டு, 'இசக்கி, அடுத்த தேர்தலில் உன் வீட்டுக்காரர் நிற்கட்டும், நீ ஒதுங்கிக்கொள்' என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இந்த உலகத்தில் அவள் பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான். கவுன்சிலர் ஆனதிலிருந்து கமிஷனருக்குப் பயப்படவில்லை, கட்சிக்குப் பயப்படவில்லை, எனக்குப் பயப்படுவாள் என்று நான் நினைத்திருந்தது தப்பு என்பதும் நான் ஊருக்கு வந்த இந்த ஒன்றரை மாதத்தில் தெரிந்துவிட்டது.

உங்களுக்குத் தெரியாததா மச்சான்! நாட்டுக்கு மாற்றம் வேண்டும், அது மேலிருந்து வரவேண்டும், ஒருத்தன் உத்தரவு போட வேண்டும், மற்றவன் வாயைப் பொத்திக்கொண்டு செய்யவேண்டும் என்று வெள்ளிக்கிழமை தோறும் மேல்கட்டிலிலிருந்து நான் முழங்க, நீங்கள் கீழ்க்கட்டிலில் வெங்காயம் உரித்துக்கொண்டு 'ம்' கொட்டுவீர்கள். அந்த ஊரில் நேற்றுப் பள்ளமாகக் கிடந்த இடத்தில் இன்றைக்கு மேம்பாலம் நிற்கிறது, நம் ஊரில் ஏன் நிற்கவில்லை, தலைமை சரியில்லை, அவ்வளவுதான் என்று எத்தனை தலைவர்களை அங்கே படுத்த வாக்கிலேயே பதவியிறக்கம் செய்திருப்பேன்! நம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, 'நீ கையெழுத்து மட்டும் போடு இசக்கி, ஆட்சி நான் நடத்துகிறேன்' என்று அவளை நிற்கவைத்ததும் நான்தான். ஜெயித்தாள். அன்றிலிருந்து வீடியோ காலில் நான் உத்தரவு போட்டேன், அவளும் 'சரிங்க, சரிங்க' என்றாள். ஆகா, நம் ஆட்சி நன்றாகத்தான் நடக்கிறது என்று நம்பி, வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நீங்களெல்லாம் பொன்னாடை போர்த்தி, பிரியாணி போட்டு, 'தலைவர் வாழ்க' என்று ஏர்ப்போர்ட்டில் கத்தி, செக்யூரிட்டிக்காரன் ஓடிவந்தானே, அந்த மானத்தை நான் காப்பாற்ற வேண்டாமா?

வந்த மறுநாள் விடிந்தும் விடியாமலும் வெள்ளைச் சட்டை போட்டு, வெள்ளை வேட்டி கட்டி முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் ஆளாகப் பள்ளத் தெருவிலிருந்து சுடலைமாடத்தி வந்தாள். நம் தெருவுக்கு அடுத்த தெரு, கொஞ்சம் இறக்கத்தில் இருக்கிறது, அதனால் அந்தப் பேர். கையில் காலிக் குடம். வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையை நான் எழுதமாட்டேன், ஸைத் பிரித்துப் படித்தாலும் படிப்பான்.

"அண்ணாச்சி, எங்க அவ?"

"என்னிடம் சொல்லுங்கம்மா. நான்தான் பார்க்கிறேன்."

"ஒங்ககிட்டச் சொல்லி என்னத்துக்கு? ஒங்கள ஏசவா முடியும்? ஏளா இசக்கி! ஓட்டு வாங்கத் தெரிஞ்சுதுல்லா, தண்ணி விடத் தெரியலியோ? வாளா வெளிய!"

நான் எழுந்துவிட்டேன். எவ்வளவு திமிர்! இதே பேச்சை அந்த ஊரில் ஒரு அதிகாரியைப் பார்த்துப் பேசினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட மாட்டானா? உங்கள் தங்கை அடுக்களையில் சாளை ஆய்ந்துகொண்டிருந்தாள். மீன் கையோடு வெளியே வந்து, "ஏசி முடிச்சிட்டியளா சித்தி? வால்வு திறக்கவனுக்குக் காய்ச்சல். மாத்து ஆளு வந்துக்கிட்டிருக்கான். பத்து நிமிசத்துல வரலேன்னா மிச்சத்தையும் ஏசுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தண்ணீர் வந்தது. சுடலைமாடத்தி அதே குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகவே போனவள், "ஏளா, சாளைக்கு மாங்கா போடு" என்று யோசனையும் சொல்லிவிட்டுப் போனாள். எனக்குப் புல்லரித்துவிட்டது மச்சான். இருபத்திரண்டு வருஷம் அந்த ஊரில் இருந்தோமே, குடோன் மேனேஜரை நிமிர்ந்து பார்த்து 'ஏன்' என்று ஒரு தடவை கேட்டிருப்போமா? இங்கே ஒரு பொம்பளை பல் விளக்குவதற்கு முன்னால் அரசாங்கத்தின் வாசலில் நின்று ஏசுகிறாள், அரசாங்கம் மீன் கையோடு வந்து பதில் சொல்கிறது. இந்தச் சங்கதியை எந்த வெள்ளிக்கிழமையும் நான் பேசவில்லையே!

ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு ஒரு வேலை வேண்டுமல்லவா. அந்தச் சமயத்தில்தான் நம் வார்டுக் கட்சிச் செயலாளர் மாசானம் வந்து காதைக் கடித்தான். "அண்ணாச்சி, அடுத்த தடவை வார்டு பொதுவா மாறப்போவுதுன்னு பேச்சு அடிபடுது. ஆம்பளையாளும் நிக்கலாம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, மேலிடத்துல ஒங்க பேர நான் சொல்லுதேன்." எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் வார்த்தையை மென்றுகொண்டிருந்தேன். அதற்குள் மழை வந்துவிட்டது.

மழை என்றால் சும்மா மழையா! கடலைக் கவிழ்த்து ஊற்றின மாதிரி. உப்பளம் எது, ரோடு எது, ஓடை எது என்று தெரியவில்லை. நம் வீட்டுப் படி ஏறி, நடை தாண்டி, நான் வாங்கிவந்த சோபாவின் காலை நனைத்துவிட்டது. உங்கள் தங்கை பள்ளிக்கூடத்தில் தங்கவைத்த ஜனங்களுக்குச் சோறு பொங்கப் போயிருந்தாள். தெருமுனையில் ஒரு ஜேசிபி நின்றது. அதன் டிரைவர், தண்ணீர் வடிய யார் சொல்லி எங்கே வெட்டுவது என்று தெரியாமல் பீடி குடித்துக்கொண்டிருந்தான். நான் யோசித்தேன். இப்போது இல்லாவிட்டால் எப்போது? பெட்டியைத் திறந்து குடோனில் போடுகிற மஞ்சள் ஹெல்மெட்டையும் அந்த மின்னுகிற ஜாக்கெட்டையும் எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

அவ்வளவுதான் மச்சான்! டிரைவர் பீடியை எறிந்துவிட்டு, "வணக்கம் சார், மெட்ராஸ்லேருந்து வந்திருக்கீயளா?" என்றான். நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை, கையை மட்டும் நீட்டினேன். நீட்டின இடத்தில் வெட்டினான். மடமடவென்று நம் தெருத் தண்ணீர் இறங்கிற்று. சன்னல்களிலிருந்து கை தட்டினார்கள். ஒருவர் போனில் வீடியோ எடுத்தார். ஒரு உத்தரவு, உடனே பலன். நான் மேல்கட்டிலில் சொன்னதெல்லாம் கண்ணெதிரே நடக்கிறது. அந்த அரைமணி நேரம் நான் இந்த பூமியிலேயே இல்லை.

அப்புறம்தான் வந்தார்கள், பள்ளத் தெருக்காரர்கள். மடித்துக் கட்டிய வேட்டியும் கையில் மண்வெட்டியுமாக மொத்தத் தெருவும் வந்தது. நான் இறக்கிவிட்ட தண்ணீர் பக்கிள் ஓடைக்குப் போகவில்லை, நேரே அவர்கள் அடுக்களைக்குப் போயிருக்கிறது. நம் ஊர் எந்தப் பக்கம் வாட்டம் என்பது இங்கே நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். எனக்கு மனாமா ரோடு எந்தப் பக்கம் வாட்டம் என்று கேட்டால் சொல்வேன்.

"யாருவே வெட்டச் சொன்னது?"

டிரைவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கப்போனான். நான் ஹெல்மெட்டைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். ஜாக்கெட் மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது, பாழாய்ப் போனது. அந்த நேரத்தில் பள்ளத் தெருப் பக்கமிருந்து இடுப்பளவு தண்ணீரில் உங்கள் தங்கை நடந்து வந்தாள். என்னைப் பார்த்தாள், ஜாக்கெட்டைப் பார்த்தாள், வெட்டின இடத்தைப் பார்த்தாள். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றாள்.

மச்சான், அதற்கப்புறம் அவள் வாங்கின ஏச்சை நம் குலத்தில் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். "ஒந் தெருவக் காப்பாத்த எங்கள முக்கிட்டியேளா! எங்க அரிசியெல்லாம் மிதக்குளா! ஒனக்கு ஓட்டுப் போட்ட கைய வெட்டிக் கடல்ல போடணும்ளா!" என்று சுடலைமாடத்தி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒருவன் சேற்றை வாரி எறிந்தான், அவள் தோளில் பட்டது. துடைக்கவில்லை. நான் வாயைத் திறக்கப் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன், கைதான் ஹெல்மெட்டை இன்னும் பின்னால் தள்ளிற்று. கூட்டம் மூச்சு வாங்கின நேரம் பார்த்து, "சித்தி, அரிசிக்கு நான் பொறுப்பு. பிள்ளையளத் தூக்கிக்கிட்டு எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்க, சோறு வெந்திருக்கு. ஆம்பளையாளு இங்கன நில்லுங்க, மணல் மூட்டை அடுக்கணும். எலே தம்பி, வெட்டுனத மூடிட்டுக் கீழ்மூலையில வெட்டு" என்றாள். ஏசின அத்தனை பேரும் மூட்டை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். சேறு எறிந்தவன் எனக்குப் பக்கத்தில்தான் நின்றான். தண்ணீர் ஓடைப் பக்கம் திரும்பிற்று. நான் வாய் பிளந்து நின்றேன் என்றால் அது பேச்சுக்குச் சொல்வதில்லை. மழைத்தண்ணீர் உள்ளே போய் இருமினேன்.

வீட்டுக்கு வந்ததும் பூசை விழும் என்று பார்த்தேன். "தலையத் துவட்டுங்க, சளி புடிக்கும்" என்றாள். அதற்கு அவள் நாலு அறை விட்டிருக்கலாம்.

"ஏம்ளா அப்படிச் சொன்ன?"

"ஒங்க பேரச் சொன்னா அடிச்சிருப்பாவ. எம் பேரச் சொன்னா ஏசத்தான செய்வாவ. ஏச்சு வாங்கத்தான என்னைய அங்கன வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குப் புளி கரைத்தாள்.

உங்களிடம் சொல்ல என்ன வெட்கம், எனக்கு அழுகை வந்துவிட்டது. தலைமை, தலைமை என்று எத்தனை வருஷம் கத்தியிருக்கிறேன். இவளை மாதிரி ஒரு ஆளை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லையே.

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் போன் பண்ணியே ஆகவேண்டும். அவள் ரொம்பக் களைத்துப் போயிருக்கிறாள், காலில் சேற்றுப்புண். ஒரு அண்ணனாகப் பார்த்தால் அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று உங்களுக்கே படும். நான் வேலையையும் விட்டுவிட்டேன், ஊரெல்லாம் தலைவர் என்று சொல்லியும் வைத்துவிட்டேன். அவள் நின்றால் நான் இந்த வீட்டில் என்ன மச்சான்? வெள்ளைச் சட்டை போட்ட நாற்காலியா? எனவே தயவுசெய்து அவளை ஒதுங்கச் சொல்லவும். நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்.

விளாத்திகுளத்தில் உங்கள் வீட்டிலும் பிள்ளைகளும் சுகம், அங்கே மழை பயிருக்கு ஏற்றபடி பெய்திருக்கிறதாம். உங்களுக்கு நோய் நொடியில்லாத உடம்பையும், என் மேல்கட்டிலுக்குக் குறட்டை விடாத ஒரு புது ஆளையும் முருகன் அருளட்டும். ரூமில் எல்லோரையும் நான் மிகவும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
பாண்டித்துரை.

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டு, இதற்காகத் திரும்பவும் கிழித்தேன். சற்று முன் பள்ளத் தெருப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். நான் நிற்கப்போகிறேன் என்று அந்த மாசானம் ஊரெல்லாம் பரப்பியிருக்கிறான். "அண்ணாச்சிக்கு நாங்க போட மாட்டோம்ளா, நீயே நில்லு" என்று சுடலைமாடத்தி சத்தம் போட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். உங்கள் தங்கை சொல்கிறாள்: "அப்படிச் சொல்லாதிய சித்தி. இருவத்திரெண்டு வருசம் அந்நிய ஊர்ல ஒத்தையில கெடந்து எங்களக் காப்பாத்துனவுக. மனசுல ஒரு ஆச வச்சிருக்காவ. நிக்கட்டும். நான் வீடு வீடா வாரேன். எனக்குப் போட்டாப்புல அவுகளுக்கும் போடுங்க."

நான் வாய் திறந்து கேட்கவில்லை, நீங்களும் இன்னும் போன் பண்ணவில்லை. அவளாகவே தூக்கிக் கொடுத்துவிட்டாள் மச்சான். நேரே மாசானத்தைப் போய்ப் பார்த்து, மேலிடத்தில் இசக்கிசெல்வி பேரையே சொல்லு என்றேன். "அப்ப நீங்க யாரு அண்ணாச்சி?" என்று கேட்கிறான், கிறுக்குப் பயல். "நான் அவ வீட்டுக்காரன்லே" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு விம்மிப் போய்விட்டது.

ஆகையால் மேலே எழுதினது எதையும் படிக்கவேண்டாம். போனும் பண்ணவேண்டாம். பண்ணினாலும் நான்தான் எடுப்பேன், அவள் தெருவில் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.