குடைக்கு எத்தனை டிகிரி

"ஃபிசிக்ஸ் படிச்சவளுக்கு ஃபியூஸ் போடத் தெரியல. இவள மேல வேற படிக்க வெக்கணுமாம்."

என் தாய்மாமன் இப்படிச் சொன்னபோது நான் பி.எஸ்சி. முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே மறு கையால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார் (ஆகவே உலகத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது). ஆனால் அவர் சொன்னதில் ஒரு தவறு இருந்தது. ஃபியூஸை நான் சரியாகத்தான் போட்டேன். அன்றைக்கு ஊருக்கே கரண்ட் இல்லை.

எங்கள் வீடு கல்வராயன் மலையடிவாரத்தில், பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊரில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். சீசன் வந்தால் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போய்விடுவார்கள். அந்த வருஷம் மழையில் வெட்டு தள்ளிப்போனதால் ஊரிலேயே இருந்தார்கள். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய், பாதியில் எழுந்து வராமல் கடைசிவரை உட்கார்ந்திருந்த முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை கொஞ்சம் ஜாஸ்தி. குழம்பு கொதித்தால் "இது வெப்பச்சலனம்" என்பேன். அம்மா திரும்பிப் பார்க்காமல் "உப்பு போட்டியா?" என்பாள்.

கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலம் அது. அதோடு இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் மறியல், ஊர்வலம். தங்கை தேவி பத்தாவது. பாடமெல்லாம் டி.வி.யில் நடத்துகிறார்கள் என்றார்கள். எங்களிடம் அரசாங்கம் கொடுத்த இலவச டி.வி. இருந்தது. கேபிள் ஒயர்தான் பக்கத்து ஊரோடு நின்றுவிட்டது. மாதாமாதம் பணம் கட்டத் தேவையில்லாத குடை ஒன்று கிடைக்கிறதாம், வாங்கிவிடலாம் என்றார் அப்பா. (டிஷ் ஆன்டெனாவை எங்கள் ஊரில் குடை என்றுதான் சொல்வோம்.) வாங்கும் பொறுப்பு, வீட்டின் ஒரே விஞ்ஞானி என்ற முறையில், என்னிடம் வந்தது.

தேவியைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "எந்த டிகிரிம்மா?" என்றார்.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் மூன்று வருஷம் படித்தேன். தோளை நிமிர்த்திக்கொண்டு, "பி.எஸ்சி. ஃபிசிக்ஸ்" என்றேன்.

அவர் தேவியைப் பார்த்தார். தேவி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள்.

"அது சரிம்மா. சேட்டிலைட்டு எந்த டிகிரி? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு டிகிரில நிக்குது இல்ல?"

"பள்ளிக்கூடப் பாடம் வருமே, அந்த டிகிரி."

"ரிசீவர் எம்பெக் டூவா, ஃபோரா?"

"ஃபோர்." இரண்டைவிட நான்கு பெரியது என்பதைத் தவிர எனக்கு அதைப் பற்றி வேறு எதுவும் தெரியாது. (இந்தக் கதையில் நான் சரியாகச் செய்த காரியம் இது ஒன்றுதான்.)

மாட்டிக் கொடுக்க ஆள் வருவாரா என்று கேட்டேன்.

"எங்கம்மா வர்றது? எந்தப் பக்கம் போனாலும் மறியலு. எல்லாம் அடங்கட்டும், அப்புறம் அனுப்பறேன்."

"எப்படி வெக்கணும்னு சொல்லுங்க, நானே வெச்சிக்கறேன்."

"தென்கிழக்கு பாத்து, மேல எழுவது டிகிரி. ஆனா இந்தக் குடை இன்னா பண்ணும்னா..."

"எழுபது டிகிரி. போதுங்க" என்று எழுந்துவிட்டேன். கோணத்தைப் பற்றி எனக்கே பாடமா?

திரும்பி வருகிற வழியில், கூட்ரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நடு ரோட்டில் கொடிகளோடு ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. மிச்ச தூரத்தை நடந்துவிடலாம் என்று ரிசீவர் பெட்டியைத் தேவியிடம் கொடுத்து, குடையைத் தலையில் வைத்துக்கொண்டேன். முன்வரிசையில் இருந்த பெரிய மீசைக்காரர் ஒருவர் கூப்பிட்டார்.

"இன்னா பாப்பா, இம்மாம்பெரிய குடைய தூக்கிகினு போற? மழையே இல்லியே."

"டி.வி. குடைண்ணே."

"யாரு வூட்டுப் பொண்ணு நீ?" (இந்தக் கேள்வியில் உண்மையில் என்ன கேட்கிறார்கள் என்று எங்கள் ஊர்ப்பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.)

அப்பா பெயரைச் சொன்னேன். கூடவே, யாரும் கேட்காமலே, பி.எஸ்சி.யையும் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்துக்கங்கடா. உன்ன மாதிரி புள்ளைங்க மேல படிக்கணும்னுதாம்மா நாங்க வெயில்ல ஒக்காந்துகினு கீறோம்."

"இந்தக் குடையும் படிக்கத்தாண்ணே. கொஞ்சம் வழி விட்டீங்கன்னா..."

"தாராளமா போ. குடைய மட்டும் கொஞ்சம் குடுத்துட்டுப் போ."

அப்போதுதான் பார்த்தேன். மினி லாரியில் தக்காளிச் சோறு வந்து இறங்கியிருந்தது. அண்டாவில் ஆவி பறக்கிறது. கொட்டி ஆறவைக்க அகலமான ஏனம் இல்லை. அத்தனை கண்களும் என் தலைக்கு மேலே இருந்தன.

விஞ்ஞானத்தைக் காப்பாற்ற ஒரு முயற்சி செய்தேன். "அண்ணே, அது பரவளையம்."

"பரவால்லம்மா, கழுவித் தந்துடறோம்."

கொட்டினார்கள். கிளறினார்கள். முதல் இலை எங்களுக்குத்தான் போட்டார்கள். சோறு நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் துரோகம். தேவி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு தண்ணீர் பாக்கெட்டுகளைப் பிய்த்து ஊற்றிக் கழுவிக் கொடுத்தார்கள். வெள்ளைக் குடை லேசான செம்மண் நிறத்தில் வீடு வந்து சேர்ந்தது.

வாசலில் மாமா உட்கார்ந்திருந்தார். நானே மாட்டப் போகிறேன் என்றதும் அப்பா பக்கம் திரும்பினார்.

"மச்சான், பொங்கல் முடிஞ்சி திங்கக்கெழம திருப்பூர் பனியன் கம்பெனி வேன் வருது. இவளுக்கும் எடம் சொல்லி வெச்சிருக்கேன். எம்மெஸ்ஸி கிம்மெஸ்ஸின்னு இன்னும் எத்தினி நாளு?"

அப்பா தரையைப் பார்த்தார். அவருக்கு என்னைப் படிக்க வைக்க ஆசை உண்டு. மாமாவின் முன்னால் மட்டும் அந்த ஆசைக்கு வாய் வராது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இந்தக் குடைய நான் வெச்சி படம் வரவெச்சிட்டா, எம்மெஸ்ஸிக்கு அனுப்பணும்."

"வர்லன்னா?" என்றார் மாமா.

"வேன்ல ஏறிக்கறேன்."

"நீயே சொன்ன. ஞாபகம் வெச்சிக்க" என்று அவர் கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

ஸ்டாண்டை முற்றத்தில் நிறுத்தி, அம்மிக்கல்லைத் தூக்கி அதன் காலில் வைத்தேன். தேவியின் கோணமானியில் நூல் கட்டி, நூல் நுனியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, தென்கிழக்கே சுத்தமாக எழுபது டிகிரி வைத்தேன். குடை ஏறக்குறைய மல்லாந்து வானத்தைப் பார்த்தது.

அம்மா வந்து நின்றாள். "இன்னாடி இது, பந்தியில ஒக்காந்த மாதிரி? மானத்துல இருந்து சாம்பார் ஊத்துவாங்களா?"

தேவி டி.வி. முன்னால். அம்மா வாசல்படியில். நான் குடையோடு.

"வந்துச்சா?"

"வந்துச்சான்றா."

"வர்ல."

"வர்லன்றா."

"இப்ப?"

"இப்பவான்றா."

பொழுது சாய்கிறவரை இதுதான் நடந்தது. அக்கம்பக்கத்தார் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். மாமா குடையை விரலால் தடவி முகர்ந்தார். "இதுல சோறு தின்னீங்களா?" தேவி மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், கடையில் நான் சொன்ன டிகிரி உள்பட. எண்ணெய்ப் பிசுக்கில் சிக்னல் வழுக்கிக்கொண்டு போகிறது என்று ஊர் முடிவு செய்தது. அம்மா புளியும் உப்பும் போட்டுப் பித்தளைக் குடம் மாதிரித் தேய்த்தாள். குடை பளபளத்தது. படம் வரவில்லை.

"துணிமணியெல்லாம் எடுத்து வெச்சிக்க" என்று சொல்லிவிட்டு மாமா போனார். நான் வீட்டுக்குப் பின்னால் போய் வெகுநேரம் முகம் கழுவினேன். (அழவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்லிவருகிறேன்.)

மறுநாள் காலையில் மாமா வேடிக்கை பார்க்க மறுபடி வந்துவிட்டார். தேவி டி.வி.யைப் போட்டுவிட்டு, வராத படத்துக்கு முன்னால் இட்லி தின்றுகொண்டிருந்தாள். நான் குடையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வசதியாக நட்டை முறுக்காமலே விட்டிருந்தேன். அந்த நேரத்தில் எங்கள் வெள்ளாடு வந்தது. புளியும் உப்பும் அதற்கு மணத்திருக்க வேண்டும். முன்னங்கால் இரண்டையும் குடையின் விளிம்பில் தூக்கிவைத்து நக்கத் தொடங்கியது. கிறீச்சென்று குடை கீழே சாய்ந்தது. என் எம்.எஸ்சி.யும் கூடவே சாய்ந்தது. குச்சியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆடு குதித்து இறங்கியது.

உள்ளே இருந்து தேவியின் குரல். "அக்கா, ஆட்ட அடிக்காத. படம் வந்துடுச்சி."

எல்லாரும் உள்ளே ஓடினோம். திரையில் ஒரு அம்மா, எங்களுக்குத் தெரியாத ஏதோ மொழியில் பேசிக்கொண்டே பாகற்காய் அரிந்துகொண்டிருந்தார்.

முதலில் பேசியவர் மாமாதான். "பந்தயம் பந்தயந்தான். படம் வரவெச்சது ஆடு. ஆட்ட அனுப்புங்க எம்மெஸ்ஸிக்கு."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வெளியே வந்து கோணமானியை வைத்துப் பார்த்தேன். குடை நாற்பத்தைந்தில் நின்றது. சேட்டிலைட் எழுபதில் இருக்கும்போது நாற்பத்தைந்தில் எப்படி வரும்? மாமாவையும் வேனையும் மறந்துவிட்டு முற்றத்து மண்ணில் குந்திக் கோடு போட ஆரம்பித்தேன். குடையின் மூக்கு, அதாவது சிக்னலை வாங்குகிற கருவி, நடுவில் இல்லை, கீழ் விளிம்புக்கு நேராக இருக்கிறது. அப்படியானால் இது முழுக் கிண்ணம் இல்லை. ஒரு பெரிய கிண்ணத்தின் ஓரத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு. கடைக்காரர் சொல்ல வந்தது இதைத்தான்.

நிமிர்ந்தபோது அப்பா பக்கத்தில் குந்தியிருந்தார். "இன்னாம்மா?"

"இது மொகத்த ஒரு பக்கம் காட்டும்பா. பாக்கறது அதுக்கு மேல."

அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "பொண்ணு பாக்க வந்தப்ப நான் நின்ன மாதிரி. தல கீழ, கண்ணு மேல."

அப்பா எழுந்து வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டார். மாமாவின் முன்னால் அவர் வாய்திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஆடு வெச்சிது, சரி மச்சான். ஏன் வந்துச்சின்னு ஆடு சொல்லலியே."

பொங்கலுக்குப் பிறகு வேன் வந்து, நான் இல்லாமல் போயிற்று. தேவி பாடம் பார்த்தாளா என்று கேட்காதீர்கள். அவள் பாகற்காய் அம்மாவைத்தான் பார்த்தாள். அந்த வருஷம் பத்தாவதில் எல்லாரும் பாஸ் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. சாயங்காலத்தில் நாங்கள் நாலு பேரும், சில நாள் மாமாவும், புரியாத மொழியில் சமையல் பார்ப்போம். அப்பா சுவரில் சாய்ந்துகொண்டு, "இப்ப கடுகு போடுவா பாரு" என்பார். போடுவார்கள். அது எந்த மொழி என்று நான் தேடிப் பார்க்கவேயில்லை. சீசனும் படிப்பும் வந்து ஆளுக்கொரு பக்கம் போன பிறகு அப்படி ஒன்றாக உட்கார வாய்க்கவும் இல்லை.

ஆட்டுக்கு எம்மெஸ்ஸி என்று பெயர் வந்துவிட்டது. லீவுக்கு நான் சென்னையிலிருந்து வந்தால் அம்மா வெளியே இருந்து, "எம்மெஸ்ஸி தண்ணி குடிச்சிதா?" என்று குரல் கொடுப்பாள். நான் உள்ளே இருந்து "குடிச்சிட்டேன்" என்பேன். அந்த ஆட்டை அப்பா விற்கவில்லை. அதன் குட்டிகளுக்கும் எங்கள் வீட்டில் பட்டப்படிப்புப் பெயர்கள்தான்.

நான் எம்.எஸ்சி. முடித்துவிட்டேன். போன மாதம் பெங்களூரில் ஆன்டெனா ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. இந்த முறை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, பந்தயமும் கட்டவில்லை. ராத்திரி பஸ்ஸில் போய், கையெழுத்துப் போட்டுச் சேர்ந்து, விடுதி அறையில் பெட்டியை இறக்கி வைத்த பிறகுதான் அப்பாவுக்குப் போன் செய்தேன்.