மேலே ஏறிய கோடு

"நான் கத்துறேனா? நானா?" என்று கத்தினார் புரோகிராமர்.

மாடியில் ஒரே கூச்சல் என்று கீழ் வீட்டுக்காரர் மறுபடியும் புகார் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நான் யாரையும் சொல்லலையே" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

அவருக்கு இந்தப் பஞ்சாயத்துக்கெல்லாம் நேரமில்லை. ஒரு பங்கின் விலை எவ்வளவு கொந்தளிக்கிறது என்று காட்டும் இண்டிகேட்டரை எழுதிக்கொண்டிருந்தார். விலை அமைதியாக இருந்தால் திரையில் கோடு படுத்திருக்கும். தாறுமாறாக ஆடினால் எகிறும். எல்லை தாண்டினால் மணி அடிக்கும். நாளைக் காலை வாடிக்கையாளருக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். சொதப்பினால் டீம் லீடர் பதவி பக்கத்து சீட்டுக்காரனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை, பங்குச் சந்தை லீவு. சோதித்துப் பார்க்க ஓடிக்கொண்டிருக்கும் எண்கள் வேண்டும். அதே தொழிலில் இருக்கும் மச்சானிடம் கேட்டார். போன வாரம் வந்து, ஹால் அலமாரியின் உச்சியில் இன்டர்நெட்டுக்கோ எதற்கோ ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனவன்.

"ஏறி இறங்கணும், அவ்வளவுதானே மாமா? அதுக்கு நான் கேரண்டி" என்று ஒரு லிங்க் அனுப்பினான். எந்த ஊர்ச் சந்தை என்று இவரும் கேட்கவில்லை.

இணைத்தார். கோடு செத்த பாம்பாகக் கிடந்தது.

கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் புரோகிராமை வரி வரியாகப் படித்தார். அசைவே இல்லை.

"என்ன கருமம் இது!"

கோடு துள்ளியது.

"வந்துடுச்சு! ஏய், இங்க வந்து பாரேன்!"

இன்னும் எகிறியது. மனைவி வந்தாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கோடு பழையபடி படுத்துவிட்டது.

"அமைதியா, நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கா? இதைக் காட்டினா அந்த ஆளு தூங்கிடுவான்!"

கடைசிப் பதினான்கு விலைகளை வைத்துக் கணக்கிட்டதை ஐந்தாகக் குறைத்தார். கோட்டுக்கு ரோஷம் வந்தது. ஆனால், நினைத்தபோது குதித்தது, நினைத்தபோது படுத்தது. பொறுமை போய், கிடைத்ததைப் பத்தால் பெருக்கிவிட்டார். மணியை ஹாலின் பெரிய ஸ்பீக்கரில் இணைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டினார்.

"கொஞ்சம் சின்னதா வைங்களேன்."

"வாடிக்கையாளர் பதறி எழுந்திருக்கணும்! அதுதான் வேணும்!"

கோடு எல்லையைத் தாண்டியது. மணி அலறியது. கோடு இன்னும் மேலே போனது. மணி மறுபடி அலறியது. கோடு திரையின் உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"ஐயையோ! எங்கேயோ ஒரு நாடே திவாலாகுதுடி!" தலையில் கை வைத்துக்கொண்டு அலறினார்.

கீழேயிருந்து கீழ் வீட்டுக்காரர் கம்பால் இடிக்கும் ஓசை கேட்டது.

மனைவி நிதானமாக நடந்து வந்து ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாள். வீடு நிசப்தமானது. பேச்சு மூச்சற்றுப் போயிருந்தார் அவர்.

கோடு சமர்த்தாகக் கீழே வந்து படுத்துக்கொண்டது.

நாளைய பதவி கண்ணெதிரே கரைவது போலிருந்தது. மச்சானைப் போனில் அழைத்தார்.

"மச்சான், என் இண்டிகேட்டர் மொத்தமும் தப்புடா! எந்த மார்க்கெட்டுடா இது? சும்மா சும்மா கொந்தளிக்குது, சட்டுனு அடங்குது!"

"அப்படின்னா உங்க இண்டிகேட்டர் பிரமாதமா வேலை செய்யுது மாமா. மார்க்கெட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. வீட்டுல கத்துறது யாருன்னு கண்டுபிடிக்க அக்கா என்னை மாட்டச் சொன்னாங்களே, உங்க அலமாரி மேல ஒரு சத்தம் அளக்கிற பெட்டி, அதோட லிங்க்தான் அது!"