போர்க்கப்பல் பாகத்தை நசுக்கியவர்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக்கே பங்கு போட்டுக் கொடுத்தாலும் மிச்சமிருக்கும் அளவுக்குக் கோபம் வைத்திருந்தவர் எங்கள் 'ரிஜெக்ட்' அண்ணன். தெப்ராவில் கப்பல் பம்புகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் அவர் தரம் பார்ப்பவர். நான் சரக்கு அனுப்பும் கிளார்க். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கேன்டீனில் நுரைக்க ஆற்றித் தரும் 'தே தாரிக்' டீயைத் தினமும் திருப்பி அனுப்புவார். என் கல்யாணப் பத்திரிகையில் இரண்டு எழுத்துப் பிழைகளுக்குச் சிவப்பு வட்டம் போட்டு என்னிடமே நீட்டினார். "திருத்திக் கொண்டா, வர்றேன்." திருத்தி அச்சடித்தேன். வந்தார். பந்தியில் ரசத்தைத் திருப்பி அனுப்பினார்.

ஒருநாள் சிங்கப்பூர் ஏஜெண்ட் ஒருவர் நாற்பது 'ஸ்லீவ்' கேட்டார். பம்புக்குள் சுழலும் தண்டு தேயாமலிருக்க மாட்டும் எஃகு உறை அது. போகப்போவது, அணுசக்தியில் ஓடும் விமானந்தாங்கிக் கப்பலுக்கு! தொழிற்சாலைக்கே தலைகால் புரியவில்லை. மேனேஜர் புதுச் சட்டையில் வந்தார்.

அண்ணன் மட்டும் சீறினார். "என்னடா கூத்து? அணு உலை வருஷக்கணக்கா ஓடும். ஆனா உள்ளங்கை அளவு உறை ஒண்ணு பிஞ்சா, அந்த பம்பு நடுக்கடல்ல படுத்துரும். போய் வேலையப் பாருங்க!"

நாற்பதும் தயாரான பிறகுதான் அவர் கண்ணில் பட்டது. உறைகளைக் கடைந்தெடுத்த எஃகுத் தடியின் மிச்சத்தில் குத்தியிருந்த எண் வேறு, சான்றிதழில் இருந்த எண் வேறு. யாரோ மட்டமான எஃகை மாற்றி வைத்திருந்தார்கள்.

"அலமாக்! இது குளிக்கிற தண்ணி பம்புக்குப் போறது லா," என்றார் மேனேஜர். "யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே!"

சரக்கு தரமானது என்று சொல்லும் தாளில் அண்ணன் கையெழுத்துப் போட மறுத்தார். மேனேஜர் அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்தார். "அவரு கெடக்காரு, நீ போடு தம்பி." எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம். போட்டேன். இதை எழுதும்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் காலை லாரி வருவதற்குள் அண்ணன் பெட்டியை உடைத்து, உறைகளை ஒவ்வொன்றாக ரம்பத்தில் அறுத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் ஓடிவந்து மின்சாரத்தை நிறுத்தினார். அண்ணன் சம்மட்டியை எடுத்தார். மீதியைச் சப்பாத்தி மாதிரி நசுக்கினார். கடைசி உறையும் நசுங்கியபின் என் பக்கம் திரும்பினார். நான் கையெழுத்துப் போட்ட தாள் அவர் கையில் இருந்தது.

"கப்பல்ல எவனுக்காவது ஏதாச்சும் ஆனா மேனேஜரையா தேடுவாங்க? உன்னைத்தான்டா தேடுவாங்க, முட்டாப் பயலே!" தாளை நாலாகக் கிழித்தார்.

மதியத்துக்குள் வேலைநீக்கக் கடிதம் வந்தது. படித்தார். "பேர்ல ஒரு எழுத்து தப்பு. ரிஜெக்ட்." திருத்தி வந்தது. "தேதி தப்பு." மூன்றாவது கடிதத்தில் குறை எதுவும் அகப்படவில்லை. அதனால் வந்த கடுப்போடுதான் வெளியேறினார். எஃகை மாற்றியது யார் என்று யாரும் விசாரிக்கவில்லை. மேனேஜருக்குப் பதவி உயர்வு. அந்த வயிற்றெரிச்சலில் நானும் மூன்றாம் மாதம் விலகிவிட்டேன்.

இப்போது அண்ணனுக்கு மாசாயில் அடுக்குமாடி லிஃப்டுகளைச் சோதிக்கும் வேலை. எங்கள் கட்டடமும் அவர் பொறுப்புதான். போன மாதம் நான்கு நாள் லிஃப்டை மூடி வைத்துவிட்டார். குடியிருப்பே அவரைத் திட்டியது.

பன்னிரண்டாவது மாடியில் இருக்கும் என் அம்மாவுக்கு லிஃப்ட் என்றாலே நடுக்கம். ஐந்தாம் நாள் அண்ணன் லிஃப்டைத் திறந்துவிட்டதும் அம்மா அதில் தனியாக ஏறிப் போனார். நான் கீழே நின்று கையசைத்தேன்.