ஒப்புதல் பெறாமல் அடைபட்ட கேட்

தூத்துக்குடியில் ஒரு ரயில்வே கேட்டுக்காக உயர்மட்ட ஆலோசனைக் கூட்டம் நடந்தது என்றால், அதற்கு முழுப் பொறுப்பும் மில்லர்புரம் ஜெபினையே சேரும். அவர் செய்த குற்றம், பெண்டாட்டி மேல் பிரியமாக இருந்தது.

ஜெபினுக்குப் பகலில் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு ஏஜென்சியில் வேலை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் லேப்டாப்பைத் திறந்துவிடுவார். சிலர் ரோஜாச் செடி வளர்ப்பார்கள், இவர் வெப்சைட் வளர்த்தார். டப்பாவைத் திறந்த தேதியைச் சொன்னால் மக்ரூன் எப்போது நமுத்துப்போகும் என்று சொல்ல ஒரு சைட். இன்றைய உப்புக்காற்றுக்குத் துணி காயுமா என்று சொல்ல இன்னொன்று. 'ஒரு பக்கம் ஒரு வேலையைச் செய்தால் போதும்' என்ற மாதிரி புரோகிராமிங் குறிப்புகள் எழுத ஒரு வலைப்பூ. அதற்கு வாசகர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜெபின், மற்றவர் எழுத்துப்பிழை பார்க்கும்போது ஜெபின்.

மனைவி ஈவாஞ்சலின் டீச்சர். பள்ளிக்கூடம் கேட்டுக்கு அந்தப் பக்கம். வருகைப்பதிவு மிஷினில் ஒன்பது மணிக்குள் விரலை வைக்காவிட்டால் சிவப்பு விழும். மூன்று சிவப்பு சேர்ந்தால் அரைநாள் லீவு போய்விடும். நாசரேத்தில் தங்கச்சிக்கு இது மாதம். பிரசவத்துக்குப் போய் நிற்க அந்த லீவைத்தான் அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். கேட் அடைத்திருந்தால் பாலம் வழியாகச் சுற்றிப் போகலாம்தான். ஆனால் அடைத்திருப்பது கேட்டுக்கு முன்னால் போய் மாட்டிக்கொண்ட பிறகல்லவா தெரிகிறது!

ஆகவே ஜெபின் ஒரு சைட் செய்தார். வெள்ளைத் திரை. நடுவில் ஒரே ஒரு சொல். 'திறந்திருக்கு' அல்லது 'அடைச்சிருக்கு'. இதற்குப் பின்னால் இயங்கிய தொழில்நுட்பம், கேட்டை ஒட்டி டீக்கடை வைத்திருக்கும் சிவனாண்டி அண்ணாச்சியின் கட்டைவிரல். கம்பி இறங்கினால் போனில் ஒரு தட்டு, ஏறினால் ஒரு தட்டு.

"அது இறங்குனாத்தான் தம்பி நமக்கு யாவாரம். எப்படியும் அதையேதான பாத்துக்கிட்டு கெடக்கேன், தட்டிட்டுப் போறேன்" என்றார் அவர்.

ஈவாஞ்சலின் நேரத்துக்குப் போனாள். அவள் சொல்லி மற்ற டீச்சர்கள் பார்த்தார்கள், ஆட்டோக்காரர்கள் பார்த்தார்கள், ஊரே பார்த்தது. எல்லோருக்கும் பயன்படுகிற ஒன்று இப்படி யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் நடக்கலாமா? அரசின் 'குடிமக்கள் மின்னணு வசதி மேம்பாட்டுப் பிரிவு' துணை இயக்குநர் லிங்கராஜ் ஜெபினை அழைத்து ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்.

"அருமை மிஸ்டர் ஜெபின். இதை இனி நாங்களே நடத்துதோம்."

"சரி சார். எதையும் மாத்தாம இருந்தா போதும்."

"மாத்துவோமா? சேக்கத்தான் செய்வோம்."

சேர்த்தார்கள். மேலே மூன்று வரவேற்புப் படங்கள். கீழே ஓடிக்கொண்டே இருக்கும் செய்தி. இப்போது ஏஐ இல்லாமல் கோழிக்கடைகூடத் திறப்பதில்லை என்பதால், 'முத்தம்மா' என்று கண் சிமிட்டும் ஒரு முத்து. அது வணக்கம் சொல்லி முடிக்கும்வரை வேறெதையும் தொட முடியாது. அதன் பிறகு ஓடிபி.

"கேட்டைப் பாக்க எதுக்கு சார் ஓடிபி?"

"கண்டவனும் பாத்துட்டுப் போயிருவாம்லா?"

"ரோட்டுல நின்னு எல்லாரும் பாத்துக்கிட்டுதான சார் இருக்காங்க?"

"அது ரோடு. அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல" என்று லிங்கராஜ் பொறுமையாக விளக்கினார். "அது கெடக்கட்டும். கேட் அடைச்ச தகவலை யாரு தாரா?"

"சிவனாண்டி அண்ணாச்சி."

"என்ன கேடர்?"

"டீக்கடை சார்."

அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு டீக்கடைக்காரர் சொல்லுதாருன்னு கேட் அடைச்சிருக்குன்னு அரசாங்கம் எப்படிச் சொல்லும்?"

"அடைச்சிருக்கதாலதான் சார் அவர் சொல்லுதாரு."

"அது அவரு தரப்பு."

அன்றைய உயர்மட்டக் கூட்டத்தின் முடிவுப்படி, அண்ணாச்சியின் தட்டு இனி வெறும் முன்மொழிவு. அது பிரிவு உதவியாளருக்குப் போய், கண்காணிப்பாளருக்கு ஏறி, துணை இயக்குநரின் ஒப்புதலுக்கு வரும். ஒப்புதல் கிடைக்கும்வரை கேட் திறந்திருப்பதாகவே கருதப்படும்.

அண்ணாச்சி தட்டுவார். கோப்பு கண்காணிப்பாளரை எட்டுவதற்குள் ரயில் மணியாச்சியைத் தாண்டியிருக்கும். அதற்குள் 'திறந்துவிட்டது' என்ற அடுத்த முன்மொழிவு வந்து முந்தியதை ரத்துசெய்துவிடும். இதனால் காலாண்டு அறிக்கையில், "சேவை தொடங்கிய நாள்முதல் கேட் ஒருமுறைகூட அடைக்கப்படவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று எழுத முடிந்தது. அதற்கு ஒரு விருதும் கிடைத்தது.

விருது வாங்கப் போகிற வழியில் லிங்கராஜின் ஜீப் கேட்டில் நின்றது.

"ஏன்வே நிறுத்துன? போர்ட்டல்ல திறந்திருக்குன்னு இருக்கு, போ."

"சார், கம்பி குறுக்க கெடக்கு" என்றார் டிரைவர்.

"ஒப்புதல் இல்லாம எப்படிவே அடைப்பான்?"

டிரைவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் வண்டியை எடுக்கவில்லை.

ஜெபினின் பழைய சைட்டைத் திறந்தாலும் இப்போது முத்தம்மாதான் வணக்கம் சொன்னாள். அவளை நம்பிப் போன ஈவாஞ்சலினுக்கு அடுத்தடுத்து இரண்டு சிவப்பு விழுந்தது. தலைமையாசிரியை ஜெயபாயிடம் முறையிட்டாள். அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனைப் பார்த்தார்.

"கேட் திறந்து இருந்ததாத்தான் டீச்சர் கவர்மெண்டே சொல்லுது."

அன்றைக்கு வீட்டில் ஈவாஞ்சலின் அழவில்லை. "இன்னொரு சிவப்பு விழுந்தா அரைநாள் போச்சு. அங்கன அவ தனியா கெடப்பா. நல்லா இருந்ததைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு பொன்னாடை வாங்கிட்டு வந்துருக்கீங்க" என்றாள். ஜெபினுக்கு அவமானமாக இருந்தது.

உட்கார்ந்து பழைய சைட்டை அப்படியே வேறு முகவரியில் போட்டார். வெள்ளைத் திரை, ஒரே சொல். அண்ணாச்சியும் சம்மதித்தார். நகர் வாட்ஸப் குழுவில் பெருமையோடு பகிர்ந்தார்.

"லோகோ இல்லியே?" என்றது முதல் பதில்.

"ஓடிபியே கேக்கல. உஷார்" என்றது அடுத்தது.

நலச்சங்கச் செயலாளர் கிருபாநிதி அவரைத் தனியாகவே கூப்பிட்டார். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. தொட்ட உடனே சொல்லிருது. இவ்வளவு வெரசலா சொன்னா எப்படி நம்புறது? நான் மோசடின்னு ரிப்போர்ட் அடிச்சிட்டேன். எல்லாரையும் அடிக்கச் சொல்லிருக்கேன்."

சொன்னபடியே அடித்தார்கள். மறுநாள் காலை ஈவாஞ்சலின் சைட்டைத் திறந்தால், திரை முழுக்கச் சிவப்பில் 'இது ஆபத்தான தளம்' என்று பிரவுசர் எச்சரித்தது. அவள் எதற்கும் இருக்கட்டும் என்று பாலம் சுற்றி ஓடிப்போய் மயிரிழையில் தப்பித்தாள்.

ஜெபின் புது முகவரி வாங்கினார். இந்தத் தடவை மேலே இரண்டு மீன், நடுவே நங்கூரம் என்று எந்த அலுவலகத்துக்கும் சொந்தமில்லாத ஒரு லோகோ போட்டார். கீழே 'நான்கு இலக்க எண்ணை உள்ளிடவும்' என்று ஒரு கட்டம். எந்த நான்கு எண்ணை அடித்தாலும் சக்கரம் கொஞ்சம் சுற்றும், 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சையில் வரும், பிறகு கேட்டின் நிலவரம் வரும். எண் எங்கேயும் போகாது, யாரும் எதையும் சரிபார்க்க மாட்டார்கள்.

ஊர் மெச்சியது. "இப்பதான் ஒரு சைட் மாதிரி இருக்கு" என்றார் கிருபாநிதி. ஜெயபாய் அம்மாள் கேட் அடைத்திருந்ததற்கு அதையே ஆதாரமாக ஏற்றுக்கொண்டு, அடுத்து விழுந்த சிவப்பை அழித்தார். எந்த எண்ணை அடிப்பது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஈவாஞ்சலின் லீவு குறையாமல் நாசரேத்துக்குப் போய், தங்கச்சி பெற்ற பெண்பிள்ளையைக் கையில் வாங்கினாள்.

பிள்ளையைப் பார்க்க ஜெபின் பைக்கில் கிளம்பினார். கேட்டில் கம்பி அவர் மூக்குக்கு முன்னால் இறங்கியது. அங்கிருந்து அண்ணாச்சி கையை ஆட்டி, "அடைச்சாச்சு தம்பி, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். ஜெபின் போனை எடுத்தார். நான்கு எண்ணை அடித்தார். சக்கரம் சுற்றியது. 'சரிபார்க்கப்பட்டது. அடைச்சிருக்கு' என்று வந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் வண்டியை ஆஃப் செய்தார்.