ஹாஜா பாய் கட்டிய பெட்டி

சரியாகக் காலை ஏழு இருபதுக்குத்தான் எல்லாம் கெட ஆரம்பித்தது. அந்த நேரத்தில்தான் என் மகள் சுகந்தி குளிக்கப் போனாள். நான் அவளுடைய பையைத் திறந்தேன்.

பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பும்போது பெற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே பாதி விபத்துகள் நடக்காது. இது இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. (தெரிந்திருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.)

சுகந்தி சமையலறை அலமாரிகள் பொருத்துபவள். டிப்ளமோ முடித்துவிட்டு, நான் சொன்ன எந்த வேலைக்கும் போகாமல், கும்பகோணத்துக் கடை ஒன்றில் தொழில் கற்றுக்கொண்டு தனியாக எடுத்துச் செய்ய ஆரம்பித்திருந்தாள். ஹைதராபாத்தில் புதிதாகக் கட்டிய குடியிருப்பு ஒன்றில் வேலை வந்தது. முதல் வெளிமாநில வேலை. காண்டிராக்டர் தமிழர்தான். அவர் போனில் பேசியது கூடம் முழுக்கக் கேட்டது.

"நாளைக்குக் காலைல மெஷினோட சைட்ல நிக்கணும்மா. இன்னொரு டீம் ரெடியா இருக்காங்க. பொண்ணுகிட்ட குடுத்தா லேட்டாகும்னு இங்க ஏற்கெனவே பேசறாங்க, பாத்துக்க."

அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். நான்தான் பார்க்க விடவில்லை.

டிரில், கட்டிங் மெஷின் என்று எல்லாவற்றையும் முந்தைய நாளே ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கிவிட்டாள். அவற்றுக்கான பேட்டரிகளை மட்டும் தனியாகக் கைப்பையில் வைத்திருந்தாள். விமானத்தில் மெஷின் பெட்டியில்தான் போக வேண்டும், பேட்டரி கையில்தான் போக வேண்டும் என்பது விதி. அவளுக்கு அது தெரியும். இயற்பியல் வாத்தியாரான எனக்குத் தெரியாது.

கைப்பையைத் திறந்தால் மூன்று பேட்டரிகள், டேப் ஒட்டி, கறுப்பாக, பார்க்கவே பயங்கரமாக இருந்தன. பெண் பிள்ளை இதைக் கையில் வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குள் நுழைந்தால் என்ன நினைப்பார்கள்? மறுநாள் பேப்பரில் என் பெயர், தாராசுரம், ஆசிரியர் என்றெல்லாம் வருவதுவரை மனக்கண்ணில் ஓடியது. பேட்டரிகளை என் மனைவியின் பழைய புடவையில் சுற்றி, பெட்டியின் பக்கவாட்டில் செருகினேன். அங்கிருந்த புது டிரில்லை எடுத்து என் கைப்பையில், வேட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இருப்பதிலேயே விலை கூடிய சாமான் அது. நகைப் பையை பஸ்ஸில் மேலே போட்டுவிட்டா உட்காருவோம்? மடியில்தானே வைத்துக்கொள்வோம்?

சுகந்தியின் கைப்பை எடை குறைந்தது தெரியக்கூடாதே என்று அதில் ஒரு முறுக்குப் பொட்டலத்தையும் வைத்தேன். (எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறேன் பாருங்கள்.)

அப்போதுதான் எதிர்வீட்டு ஹாஜா பாய் கயிற்றோடு வந்தார்.

எங்கள் தெருவிலிருந்து துபாய்க்கோ சவுதிக்கோ யார் போனாலும் பெட்டியைக் கட்டித் தருவது ஹாஜா பாய்தான். பல வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். அவர் கட்டாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டுவது அவருக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்வது மாதிரி. படகுக்காரர்கள் பயன்படுத்தும் நைலான் கயிறு. நெடுக்காகவும் குறுக்காகவும் கட்டங்கட்டமாகச் சுற்றி, கயிறு சந்திக்கிற ஒவ்வோர் இடத்திலும் தனி முடிச்சு. ஒவ்வொரு முடிச்சையும் லைட்டரால் உருக்கி, கட்டை விரலால் ஒரு அழுத்து. பிறகு நான்கு பக்கமும் பெயர், விலாசம்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த சுகந்தி திகைத்து நின்றாள். "பாய், டேப் மட்டும் போட்டா போதும்னேனே!"

"டேப்பா? டேப் ஒட்டி அனுப்பறதுக்கு இது என்ன கல்யாணப் பத்திரிகையாம்மா? கப்பல்லேர்ந்து கடல்ல விழுந்தாலும் இந்தக் கட்டு அவுராது."

"நான் பிளேன்ல போறேன் பாய்."

"மேலேர்ந்து விழுந்தாலும் அவுராது."

அவள் துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

துணைக்கு நானும் போவதாக ஏற்பாடு. (யார் யாருக்குத் துணை என்பது அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது.) வழியனுப்ப என் மனைவியும் ஹாஜா பாயும் வேனில் வந்தார்கள். திருச்சி விமான நிலையத்து வாசலில் என் மனைவி, மகள் அமெரிக்காவுக்கே போவதுபோல் அழுதாள். அன்று வெள்ளிக்கிழமை. "ஜும்மா தொழுதுட்டு ஓடி வந்துடறேன் சார், நீங்க தைரியமா உள்ள போங்க" என்று பாய் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

உள்ளே பெட்டி ஸ்கேனருக்குள் போயிற்று. பாதியில் நின்றது. திரும்பி வந்தது.

"வட்டமா ரெண்டு இருக்கே, என்னம்மா?" என்றார் அதிகாரி.

"தேங்காய் சார்" என்றேன் நான் முந்திக்கொண்டு. "பேராவூரணித் தேங்காய். சட்னிக்கு."

"அது இருக்கட்டும். பேட்டரி மாதிரியும் இருக்கே?"

"இருக்காது சார். பேட்டரியெல்லாம் என் கைல இருக்கு" என்று சுகந்தி தன் கைப்பையைத் திறந்து, அவர் முன்னால் பெருமையாக வெளியே எடுத்தாள். முறுக்கு.

அவள் முறுக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஹால் டிக்கெட் மறந்து வந்த மாணவர்களை அப்படி எத்தனையோ முறை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டது அன்றுதான்.

"எடுத்துட்டா பொட்டி போகும். எடுக்கலைன்னா போகாது. கவுண்டர் மூடப் போறாங்க, சீக்கிரம்" என்றார் அதிகாரி.

பெட்டி போகாவிட்டால் மெஷின் இல்லை. மெஷின் இல்லாவிட்டால் வேலை இல்லை. இன்னொரு டீம் ரெடியாக இருக்கிறது.

முடிச்சில் கை வைத்தேன். அது முடிச்சே இல்லை, கல். சுமை தூக்குபவர் ஒருவர் முயன்றார், நகம் பெயர்ந்தது. நான் குனிந்து பல்லால் கடித்தேன். (கீழ்வரிசையில் ஒரு பல்லின் ஓரம் இன்றும் இல்லை.) கவுண்டரில் இருந்த பெண் பரிதாபப்பட்டு, டேக் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலைக் கொடுத்தாள். அதை வைத்துத் திருகித் திருகி ஒரு கயிற்றை அறுத்தோம். ஒன்றும் தளரவில்லை. மற்ற முடிச்சுகள் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. ஹாஜா பாய்க்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டேன். தொழுகையில் இருப்பவர் எப்படி எடுப்பார்?

"பொட்டிக்குள்ள என்னங்க இருக்கு?" என்று கேட்டார் சுமை தூக்குபவர்.

"கட்டிங் மெஷின்."

"அப்ப அத எடுத்து வெட்டிடலாமே?"

எல்லோரும் கட்டிய பெட்டியைப் பார்த்தோம். அவரும் பார்த்துவிட்டு, "ஓ" என்றார்.

அந்த நேரத்தில் உதவி செய்கிறேன் என்று நினைத்து என் கைப்பையிலிருந்து டிரில்லை எடுத்து நீட்டினேன். அதிகாரி இரண்டடி பின்னால் போனார்.

"சார்! இது எப்படி உங்க கைல?"

"பயப்படாதீங்க சார். இது ஓடாது. இதோட பேட்டரி பொட்டிக்குள்ள இருக்கு."

"அப்பா" என்றாள் சுகந்தி மிக அமைதியாக. "அந்தச் சேர்ல போய் உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

அவள் அதிகாரியிடம் ஸ்கேனர் படத்தை மறுபடி காட்டச் சொன்னாள். பிறகு பெட்டியின் முன் மண்டியிட்டு, சுவரில் துளை போடுமுன் தட்டிப் பார்ப்பதுபோல் அட்டையை விரல் முட்டியால் தட்டினாள். கயிற்றைத் தொடவே இல்லை. இரண்டு நெடுக்குக் கயிற்றுக்கும் இரண்டு குறுக்குக் கயிற்றுக்கும் நடுவே இருந்த ஒரு கட்டத்தில் கத்தரிக்கோல் முனையைக் குத்தி, மூன்று பக்கம் மட்டும் வெட்டினாள். நான்காவது பக்கம் கீலாக நிற்க, அட்டை கதவாகத் திறந்தது. அலமாரிக் கதவு போடுகிறவள் அல்லவா!

உள்ளே கையை விட்டாள். புடவை முந்தானை வந்தது. இழுத்தாள், வந்துகொண்டே இருந்தது. வித்தைக்காரர் தொப்பியிலிருந்து வருகிற மாதிரி ஆறு கஜமும் வெளியே வந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் பேட்டரி ஒன்று, இரண்டு, மூன்று. அதே ஜன்னல் வழியாக டிரில்லை உள்ளே அனுப்பினாள். முட்டியது. மூக்கைச் சாய்த்து ஒரு திருப்பு திருப்பினாள், போயிற்று. புடவையைச் சுற்றித் திணித்துக் கதவைச் சாத்தினாள். அதிகாரியே டேப்பை நீட்டினார்.

பெட்டி ஸ்கேனருக்குள் போயிற்று. இந்த முறை அந்தப் பக்கமே வெளியே வந்தது. சுமை தூக்குபவர் கைதட்டினார். கவுண்டர் மூடுவதற்கு முன்னால் கடைசியாக டேக் ஒட்டிய பெட்டி எங்களுடையது.

மறுநாள் காலை காண்டிராக்டருக்கு முன்பே சைட்டில் நின்றாள் சுகந்தி. நான் தேங்காய்களோடு பக்கத்தில் நின்றேன். சாயங்காலம் அவர் அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். சத்தமே இல்லை. "அடுத்த பிளாக்கையும் நீயே எடுத்துக்கம்மா" என்றார். அந்த இன்னொரு டீம் இப்போது அவளிடம்தான் வேலை பார்க்கிறது. ஊர் ஊராகப் போகிறாள். பூட்டு வைத்த பிளாஸ்டிக் பெட்டிகள், சாவி அவளிடம். கிளம்புமுன் பெட்டியைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள், கீழே "அப்பா தொடாதது" என்று எழுதி. வீட்டில் ஊறுகாய் ஜாடி மூடி திறக்காவிட்டால் என் மனைவி இன்றும் கேட்கிறாள்: "உள்ள கட்டிங் மெஷின் இருக்கா பாருங்க." (எனக்கு மட்டும், பெட்டி ஸ்கேனருக்குள் போவதைப் பார்த்தால் இன்னும் நாக்கு உடைந்த பல்லைத் தேடிப் போகிறது.)

ஹாஜா பாயை விட்டுவிட்டேனே. எங்கள் பெட்டி ஆடி ஆடி உள்ளே மறைந்த அதே நேரத்தில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே தொப்பியோடு ஓடி வந்து நின்றார். என் அழைப்புகளைப் பார்த்துவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். காவலர் அனுமதியோடு வாசல்வரை போய் நடந்ததைச் சொன்னேன்.

மூச்சு வாங்கக் கேட்டார். "கட்டு அவுந்துச்சா சார்?"

"அவுரல பாய். பொட்டியத்தான் வெட்டினா."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! "அதானே!" என்றார்.

"அது சரி பாய். அந்த முடிச்ச எப்படித்தான் அவுக்கறது?"

"அவுக்கறதா?" என்று என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அது யாருக்கு சார் தெரியும்? நான் கட்டறதோட சரி. பொட்டி வந்தா எங்க வீட்டுக்காரி அருவாமணையத்தான் எடுத்துட்டு வருவா."